நண்டுக் குழம்பில் ஓர் ஆணி

ஆணி போட்டுப் பார்க்காமல் இனி ஒரு கவளமும் வாயில் வைப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

காரணம் பயம். வாய்க்காலுக்கு அப்பால் காணி எடுத்துக் குடியேறிய யோகலிங்கம் வீட்டில், ஈயப் பூச்சுத் தேய்ந்த பித்தளைச் சட்டியில் புளிக்குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, குடும்பமே சத்தியெடுத்துக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தது. குழம்பில் செம்பு ஊறி நஞ்சாகிவிட்டதாம். விஞ்ஞான வாத்தியார் ஒரு வழி சொன்னார். மினுக்கிய இரும்பாணியைக் குழம்பில் ஊறவிட வேண்டும். செம்பு இருந்தால் ஆணி சிவக்கும்.

எங்கள் வீட்டிலும் சீதனமாக வந்த பித்தளைச் சட்டி ஒன்று உண்டு. அதில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கக் குசினிக்குள் போக வேண்டும். அங்கே என் மனைவி விமலேஸ்வரி இருப்பாள். அதற்கு நஞ்சே மேல்.

ஆகவே தினமும் சிரட்டையில் கொஞ்சம் கறி வாங்கி, ஆணியைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவேன். ஒரு கிழமையாக ஆணி சிவக்கவில்லை. அவள் முகம்தான் சிவந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூநகரி நண்டு. குளித்துவிட்டு வந்து ஆணியை எடுத்தேன். செக்கச்செவேலென்று இருந்தது.

கறியைக் கொட்டச் சொன்னேன். அவளோ கோப்பையில் சோற்றைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னாலேயே சப்பணம் கட்டி இருந்தாள்.

"இஞ்சரும், சாப்பிடாதையும். செத்துப்போவீர்."

"செத்தா மாட்டுக்குத் தண்ணி வையுங்கோ."

நண்டை உடைத்தாள், உறிஞ்சினாள், குசினிக்குள் போய்ச் சட்டியையும் வழித்துவிட்டு வந்தாள். பிறகு பாயை விரித்துப் படுத்துவிட்டாள். என் உயிரைப் பற்றிய பயம் எங்கேயோ போய்விட்டது. இவள் இல்லாமல் நான் என்ன செய்வேன் என்ற பயம் வந்து நெஞ்சைப் பிடித்தது. மூச்சு வருகிறதா என்று தலைமாட்டில் இருந்து பார்த்தேன். தொண்டையில் ஏதோ கரகரவென்றது. சாகப் போகிறாள், சேடம் இழுக்கிறது என்று வண்டில் பூட்ட ஓடினேன்.

"எங்கை போறியள்?" எழும்பி இருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு. உமக்குச் சேடம் இழுக்குது."

"அது குறட்டை. கறி மண்சட்டியிலை காய்ச்சினது. உங்கடை சிரட்டைக்குள்ளைதான் மிளகாய்க்கண்டுக்கு அடிக்கிற மயில்துத்தத்திலை ஒரு கிள்ளுப் போட்டனான். அதுவும் செம்புதானாம். வாத்தியாற்றை பெண்சாதி சொன்னவா."

காரணத்தையும் அவளே சொன்னாள்.

"கலியாணம் கட்டின நாளிலை இருந்து, நீங்கள் சாப்பிட்டு எழும்பினாப் பிறகு எனக்கு நண்டுக்கால்தான் மிஞ்சும். உடம்பு எப்பிடி ருசிக்குமெண்டு இண்டைக்குத்தான் கண்டனான்."

பசி காதை அடைத்தது. ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"கால் ரண்டு கிடக்கு. நாளைக்கு இறால். ஆணி போட மறந்துபோகாதேங்கோ."