மூன்று பல்லியும் ஒரு மச்சானும்

ஜப்பான்காரன் மெட்ராஸுக்கு வரட்டும், வராமல் போகட்டும். என் மச்சான் பரசுராமன் மட்டும் திருத்தணிக்கு வரக்கூடாது. அன்று காலை கொல்லைக் கொட்டகையில், தறிக்குழியில் உட்கார்ந்தபடியே இந்த முடிவுக்கு வந்தேன்.

பட்டணத்தில் குண்டு விழும் என்று ஊரே காலி பண்ணிக்கொண்டிருந்த சமயம். பெண்டாட்டி, நாலு பிள்ளை, ஒரு ஆர்மோனியப் பெட்டி சகிதம் கிளம்பி வருவதாக அவன் கார்டு போட்டிருந்தான். என் வீட்டில் இருப்பது ஒரு கூடம், ஒரு சமையலறை. இதற்குக் குண்டே தேவலை.

"அவன் இங்கதான் வரணும்," என்றாள் என் மனைவி கன்னியம்மாள்.

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பல்லி, "ச்சு ச்சு ச்சு" என்றது.

"பார்த்தீங்களா? பல்லியே சொல்லிடுச்சு!" என்று விரலால் தரையைத் தட்டினாள். வழக்கு முடிந்தது. பல்லி சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பதினாறு வருஷமாக இதே கதை. என் பேச்சுக்கு அந்தப் பல்லி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அதன் மேலும் தப்பில்லை. நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறது. பத்துத் தடவையும் அவள்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். அது என்ன செய்யும்?

அவள் கட்சிக்கு ஒரு பல்லி என்றால் என் கட்சிக்கு மூன்று! கூரையில் ஒரு வீட்டுப் பல்லி பிடித்தேன். புளியமரத்தில் ஒரு மரப்பல்லி. மலைப்படிக்குப் பக்கத்துப் பாறை இடுக்கில் சாண் நீளத்துக்கு ஒரு மலைப்பல்லி. அதைப் பிடிப்பதற்குள் என் மேல்துண்டு கிழிந்துவிட்டது. பூனைக்குப் பயந்து தயிர் வைக்கும் கம்பிவலைப் பெட்டியில் மூன்றையும் அடைத்தேன்.

பக்கத்து வீட்டுக் கோதண்டம் எட்டிப் பார்த்தான்.

"இன்னாய்யா இது, வேற வேற பல்லியை ஒண்ணா அடைச்சிகினு கீற? பெருசு சிறுசை முழுங்கிடும்."

"சாமி மலையில பொறந்த பல்லிய்யா. சுத்த சைவம்."

"அது பல்லிக்குத் தெரியுமா?"

பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து மூன்று நாள், "பரசுராமன் வரக்கூடாது, பரசுராமன் வரக்கூடாது" என்று ஜபம் பண்ணினேன். மூன்றும் ஊமைச் சாட்சிகளாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நாலாம் நாள் காலை பார்த்தால் மூன்றில் ஒன்றுதான் மிச்சம். மலைப்பல்லி மட்டும் வயிறு உப்பி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு வால் கிடந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது.

"இன்னாங்க, மீதி ரெண்டு எங்க?" என்று கன்னியம்மாள் வந்து நின்றாள்.

பளிச்சென்று ஒரு யோசனை வந்தது எனக்கு.

"பார்த்துக்கோ! வேற வேற இனத்தை ஒரே பொட்டியில அடைச்சா இதான் கதி. ரெண்டு குடும்பத்தை ஒரே வீட்ல அடைச்சாலும் இதான்! உன் தம்பியோட என்னால ஒத்து இருக்க முடியாது, சொல்லிட்டேன்!"

அவள் பேசவில்லை. பதினாறு வருஷத்தில் இது முதல் தடவை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"நீங்க சொல்றது நாயந்தாங்க," என்றாள் மெதுவாக. "ஒத்து இருக்க முடியாததை முன்னமே தனியா எடுத்து வெச்சிருந்தா, மீதியெல்லாம் பொழைச்சிருக்கும். இல்லீங்களா?"

"ஆங்! கண்டிப்பா தனியா வெக்கணும்!"

"ச்சு ச்சு ச்சு!"

சாமி படத்துப் பல்லி! என் பேச்சுக்கு! விரல் வீங்குமளவுக்குத் தரையைத் தட்டினேன்.

"கேட்டுகினியா? பல்லியே சொல்லிடுச்சு. இனிமே பேச்சு மாறக்கூடாது."

"நான் எதுக்குங்க மாறப்போறேன்?" என்று உள்ளே போனவள், என் பாயும் தலையணையுமாக வெளியே வந்தாள்.

"இதை எங்க எடுத்துகினு போற?"

"தறிக் கொட்டாய்க்கு. ஒத்து இருக்க முடியாதுன்னு சொன்னது நீங்கதானே? என் தம்பி சொல்லலியே."

சாயங்கால ரயிலில் பரசுராமன் வந்து இறங்கினான். "எங்களுக்காக வீட்டையே விட்டுக் குடுத்துட்டீங்களே பாவா!" என்று கண் கலங்கி என் காலைத் தொட்டான். இப்போது கூடத்தில் ஆர்மோனியம். கொட்டகையில் நானும் மலைப்பல்லியும். அதற்கும் ஒருவழியாக வாய் திறந்துவிட்டது. "பேசாமலே இருந்திருக்கலாம்" என்று நான் சொல்லும்போதெல்லாம், தவறாமல் "ச்சு ச்சு ச்சு" என்கிறது.