யோகநாதைற்று கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு

1962ஆம் ஆண்டு யூலை மாதம் 7ஆந் திகதி, சனிக்கிழமை. வானம் முகிலற்றிருந்தது. சோளகக் காற்று புழுதியை வாரி வீசியது. மழைக்குரிய அறிகுறி யாதும் காணப்படவில்லை.

மனித நாகரிகம் ஆற்றங்கரைகளிலே பிறந்ததென்று நூல்கள் கூறும். அது முதிர்ச்சி எய்தியது உருத்திரபுரத்துக்கு அப்பால், நாவலடிக்குளத்து ஓவசியரின் குவாட்டர்ஸ் விறாந்தையிலே என்பதை எந்நூலும் கூறவில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வரலாற்றின் நோக்கமாகும்.

மேற்படி நாளிலேதான் நாவலடிக்குளம் போரேற்றுக் கனிப்பொருட் சேகரிப்போர் கழகத்தின் காட்சிசாலை திறந்துவைக்கப்பட்டது. கழகத்தின் தலைவர் ஓவசியர் திரு. தவராசா. குளத்துக் கதவுகளைத் திறப்பதும் பூட்டுவதும் அவருடைய உத்தியோகம். செயலாளர் யான். வாய்க்காலில் தண்ணீர் எதிர்பார்க்கும் கமக்காரர் அனைவரும் உறுப்பினர். சேரும்படி தலைவர் எவரையும் வற்புறுத்தியதில்லை. சேராதோர் வயலுக்குத் தண்ணீர் பிந்திச் சென்றமை புவியீர்ப்பின் செயலேயன்றி அவர் செயலன்று.

போரேற்று என்பது யாது? போரன் என்னும் மூலகமும் ஒட்சிசனும் கூடிப் பிறக்கும் கனிப்பொருட்களின் பெருங்குடும்பம் அது. பொற்கொல்லர் பட்டறையிலுள்ள வெண்காரம் அக்குடும்பத்தைச் சேர்ந்தது. பளிங்குருவில் இக்குடும்பத்தினர் ஒருவரையொருவர் ஒத்திரார். வெண்காரம் குட்டையான பட்டகம். போரசைற்று சதுரமுகம் காட்டும். கேணைற்று விறகுச் சிராய்போல் பிளக்கும். உலெட்சைற்று ஓரிடத்தில் பஞ்சுருண்டையாகவும் வேறோரிடத்தில் பட்டுநூற் கற்றையாகவும் தோன்றும். தலைவரின் மைத்துனர் கப்பலில் சமையற்காரர். தலைவரின் மனைவியான தமக்கை சேலை கேட்டெழுத, அவர் துறைமுகந்தோறும் கல் வாங்கி அனுப்பினார். தலைவரின் இல்லத்தில் அறிவியல் இவ்வாறே வேரூன்றியது.

ஆயினும் தலைவருக்கு ஒரு துயர் இருந்தது. பத்தாண்டுகளுக்கு முன்னர் இத்தீவிற் கிடைக்கும் மஞ்சட் கபில நிறக் கல்லொன்று புதியதொரு போரேற்றென அறியப்பட்டு, ‘சிங்களைற்று’ என்று பெயரிடப்பட்டிருந்தது.

“கந்தோர் உத்தியோகத்தை எடுத்தினம், பேசாமல் இருந்தம்,” என்பார் தலைவர். “இப்ப கல்லையும் எடுத்திட்டினம். எங்கட ஆக்கள் பேரிலையும் ஒரு கல்லு வேணும், செயலாளர்!”

இத்தகைய இனப்பற்றை மறுத்துப் பேசும் துணிவு எவருக்கு வரும்? யான் தலையசைத்தேன்.

வெண்காரப் பளிங்கின் நிறையில் ஏறத்தாழ அரைப்பங்கு நீராகும். அந்நீர் உள்ளவரை அது கண்ணாடிபோல் ஒளிரும். வறண்ட காற்றுப் பட்டால் நீரை இழந்து, வெளிறி, மாவாக உதிரும். சோளகம் தொடங்கியதும், தலைவர் சாடிகளில் நூல் கட்டி வளர்த்த பளிங்குகள் வெளிறத் தொடங்கின. கண்முன்னே ஒன்று நீரின்றி வாடுவதைக் காணச் சகியாத மென்மனத்தினர் அவர். உடனே கடைவாய்க்காலின் கதவைப் பூட்டி, அந்நீரைக் குவாட்டர்சைச் சுற்றி வெட்டிய அகழிக்குத் திருப்பினார். யன்னல்களில் நனைந்த சாக்குகள் தொங்கின. காற்று ஈரலிப்புற்றது. பளிங்குகள் பிழைத்தன.

கடைவாய்க்காலின் அந்தத்தில் விமலேஸ்வரி, வீரகத்தி தம்பதியரின் வயல் இருந்தது. சென்ற பெரும்போகத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தமையால், அவர்களுடைய விதைநெல்லும் சோறும் இச்சிறுபோகத்திலேயே தங்கியிருந்தன. பயிரோ குடலைப் பருவம். கதிர் தண்டுக்குள் அடங்கியிருக்கும் காலம். அப்போது தண்ணீர் தவறினால் கதிர் வெளிவந்தும் மணி பிடிக்காது சப்பியாகும்.

விமலேஸ்வரி மனுவொன்றுடன் விறாந்தைக்கு வந்தார். வீரகத்தி படியில் நின்றார்.

“ஓவசியர் ஐயா, நெல்லு குடலை. தண்ணி விடாட்டி எல்லாம் சப்பி.”

“பொறும் பிள்ளை. நல்ல நேரத்திலை எழுத்துள்ள கடதாசி கொண்டு வந்திருக்கிறீர். உதை மேசையிலை விரியும் பாப்பம்.”

தலைவர் மனுவின்மீது உலெட்சைற்றுத் துண்டொன்றை வைத்தார். அதன் நார்கள் அடியிலுள்ள எழுத்தைக் கல்லின் மேற்பரப்புக்கே கொண்டுவரும் வல்லமை வாய்ந்தவை.

“பாரும், பாரும்! ‘தண்ணீர்’ எண்ட எழுத்து மேலை வந்திட்டுது!”

“எழுத்து வந்திட்டுது ஐயா. தண்ணி எப்ப வரும்?”

“அந்தரப்படாதையும். ‘தயவுசெய்து’ வருகுதோ எண்டு பாப்பம்.”

சொல் சொல்லாகக் கல்லை நகர்த்தி, மனு முழுவதையும் அவர் மேலே கொண்டுவந்தார். இதற்குமேல் கொண்டுசெல்ல வேண்டிய ‘மேலிடம்’ எதுவும் எஞ்சியிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

“உங்கட அகழிக்கை தவளை கத்துது,” என்றார் வீரகத்தி. “எங்கட வயலிலை அதுகும் இல்லை.”

“வாங்கோ, போவம். கண்டறியாத கல்லு!” என்று விமலேஸ்வரி மனுவை உருவிக்கொண்டு இறங்கினார். கழகத்தின்மீது கூறப்பட்ட முதற் கண்டனம் இதுவாகும்.

இனி, திறப்புவிழா நாளுக்கு வருவோம். காட்சிசாலையைத் திறந்துவைக்க வந்த, இப்பகுதியின் அரச நிருவாகத்தைப் பார்க்கும் காரியாதிகாரி திரு. யோகநாதனின் ஜீப் கடைவாய்க்கால் ஓரமாக வருகையில், விமலேஸ்வரி வழியின் குறுக்கே நின்றார். வரவேற்கக் காத்திருந்த தலைவரும் யானும் மாலையுடன் ஓடினோம்.

“சேர், ஒருக்கா இறங்கிப் பாருங்கோ. நெல்லு சாகுது. இண்டைக்குத் தண்ணி விட்டால் பாதியெண்டாலும் தப்பும்.”

காரியாதிகாரி நியாயவான், இறங்கினார். கடனீரேரியை அண்டிய அவ்வயலில் நன்னீர் அற்றுப்போகவே, அடியிலிருந்த உவர் மேலெழுந்து, வெடித்த மண்ணெங்கும் வெள்ளையாகப் பூத்திருந்தது.

“உதென்ன வெள்ளையாக் கிடக்கு?”

தலைவர் பூதக்கண்ணாடியுடன் முழந்தாளிட்டார். துள்ளியெழுந்தார். “சதுரம் சேர்! எல்லாம் சதுரம்! போரசைற்றும் சதுரமாய்த்தான் இருக்கும். உது போரேற்று!”

சதுரமான போரேற்று ஒன்று உண்டு, இது சதுரம், ஆகவே இது போரேற்று. இத்தருக்கத்தில் பிழை காண்போர் கடைவாய்க்காலிற் கமம் செய்தல் அரிது.

“உப்பு ஐயா உது!” என்றார் விமலேஸ்வரி.

காரியாதிகாரி விரலால் தொட்டு நாவில் வைத்தார். “உப்புத்தான் தவராசா. கறிக்குப் போடலாம்.”

தலைவர் தலைகுனிந்தார். பின்னர் மெல்லக் கூறினார்: “புதுக் கல்லுக்குப் பேர் வைக்க வேணும் சேர். ‘யோகநாதைற்று’ எண்டு வைப்பமெண்டு நினைச்சனான்...”

காரியாதிகாரி மறுபடி குனிந்தார். மீண்டும் விரலால் தொட்டு நாவில் வைத்தார்.

“முதல் நான் வடிவா ருசி பாக்கேல்லை. ஒரு கைப்பு இருக்கு.”

“இருக்கு சேர்! உப்பிலை இல்லாத கைப்பு!”

“வீரகத்தி, நீரும் நக்கிப் பாரும்.”

“தண்ணி நிண்ட நாள் துவக்கம் உதைத்தான் சேர் நக்கிக்கொண்டிருக்கிறன்.”

மாலையில், ஈரச் சாக்குகளின் குளிர்ச்சியில், விழா தொடங்கியது. காரியாதிகாரிக்கென வாங்கிய மாலை, ‘கனிப்பொருள் ஈன்ற தாய்’ எனும் பட்டத்துடன், தண்ணீர் கேட்டுப் பின்தொடர்ந்து வந்த விமலேஸ்வரியின் கழுத்துக்கு வந்தது. சபையோர் கைதட்டினர்.

“மாலை கிடக்கட்டும் ஐயா. கதவைத் திறவுங்கோ.”

“என்ன பிள்ளை விசர்க்கதை?” என்று தலைவர் பதறினார். “தண்ணி விட்டால் யோகநாதைற்று கரைஞ்சு போமெல்லே?”

“அப்ப உங்கட வெண்காரத்துக்கு மட்டும் என்னத்துக்குத் தண்ணி?”

“அது தண்ணியில்லாட்டிச் செத்துப்போம்.”

“என்ரை நெல்லும்தானே சாகுது!”

“நெல்லு எங்கையும் விளையும் பிள்ளை.”

ஒரு பளிங்கு நீரின்றி அழியும்; மற்றொன்று நீரால் அழியும். இரண்டையும் காக்கும் பொறுப்புக் கழகத்துக்கு உண்டு. நெல்லைக் காக்கும் பொறுப்பு எமது விதிகளில் இல்லை.

“அப்ப ஐயாமாரே, இரவைக்கு உலையிலை எதைப் போட? யோகநாதைற்றையோ?”

சபையில் எழுந்த சிரிப்பைக் காரியாதிகாரி ஒரு பார்வையால் அடக்கினார். மேற்படி கேள்வி அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. விமலேஸ்வரி மாலையைக் கழற்றி அகழியில் எறிந்துவிட்டுப் போனார். வயல் காய்ந்த வீட்டிலிருந்து நன்றியை எதிர்பார்த்தது எமது பிழையே.

காரியாதிகாரி எழுந்து நின்றார். “உது ஒரு வயலிலை கிடந்தால் காணாது, தவராசா. கொழும்புக்கு அனுப்ப வேணும், லண்டனுக்கு அனுப்ப வேணும். உது எப்பிடி உண்டாகுது?”

தலைவர், கேட்கப்பட்டதற்கு உண்மை உரைக்கும் இயல்பினர். “கதவைப் பூட்டினால் உண்டாகும் சேர்.”

“ஒரு கதவு பூட்டியே இவ்வளவோ?”

“ஓம் சேர்.”

“அப்ப மற்றக் கதவுகளையும் பூட்டும்.”

கைதட்டிக்கொண்டிருந்த உறுப்பினர்கள், தத்தம் வயல் எந்தக் கதவின் கீழ் உள்ளதென எண்ணினார்கள் போலும், ஓசை நின்றது. ஆயினும் எவரும் எழுந்து மறுக்கவில்லை. விமலேஸ்வரியின் வயலுக்காக வாய் திறவாதவர் தம் வயலுக்காகத் திறப்பது கழக ஒழுங்குக்கு மாறானது.

இவ்வண்ணமே, நெல் விளைந்த நிலத்தில் உத்தியோகத்தரின் பெயரை விளைவிக்கும் முறை எம்மவரால், எமது தண்ணீரை மறித்து, எமது கைதட்டலோடு கண்டுபிடிக்கப்பட்டது. கடைசிக் கதவு இறங்கிப் பூட்டு விழுந்தபோது நேரம் மாலை 5 மணி 42 நிமிடம்.