கம்ப்யூட்டரில் நம் குடும்ப வியாதிகள்

தாபோடி, பூனா
14.9.2003

அன்புள்ள ஷ்யாமுக்குச் சித்தப்பா அருணாச்சலம் எழுதுவது. பெங்களூரில் புது வேலையும் ஹாஸ்டல் சாப்பாடும் உனக்கு ஒத்துக்கொள்ள முருகன் அருள்வானாக. இங்கே நான், உன் சித்தி மங்கையர்க்கரசி, ரோஹிணி மூவரும் நலம். நலம் என்று எழுதும்போதே கை தயங்குகிறது. கேம்ப் ஏரியா ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் வேறு மாதிரி சொல்கிறது.

ரோஹிணியைப் பெண் பார்க்க ராம்பிரசாத் என்ற பையன் வந்தது உனக்குத் தெரியும். ஏரவாடாவில் வீடு, நல்ல வேலை, அதிர்ந்து பேசாத பிள்ளை. இதுவரை வந்தவர்களையெல்லாம் குறை சொன்ன ரோஹிணி, இவன் போன பிறகு பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடினாள். நாங்கள் நாள் பார்க்கவே தொடங்கிவிட்டோம். அப்புறம் அவர்களிடமிருந்து பேச்சுமூச்சு இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பையனின் தாய்மாமன் துரைசாமி மட்டும் தனியாக வந்தார். அந்த ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவர். காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் பாத்துட்டேன்" என்றார். எதைப் பார்த்தார் என்று கேட்டால், ரோஹிணிக்குச் சின்ன வயசிலிருந்தே சர்க்கரையாம், தினம் ஊசியாம். எனக்கு மூலமாம், ரெண்டு ஆபரேஷன் ஆகியும் சரியாகவில்லையாம். உன் சித்தியைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவள் ஐந்து மாதம் கர்ப்பமாம். வயது ஐம்பத்தாறு என்பதும் அதிலேயே இருக்கிறதாம். "வீட்டுல பேசிட்டுச் சொல்றோம்" என்று எழுந்து போய்விட்டார். உன் சித்தி என்னை முறைத்து, "ரெண்டாவது ஆபரேஷன் எப்போ பண்ணிக்கிட்டீங்க?" என்று கேட்டாள். முதலாவதைப் பற்றி அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கே போனேன். என் மூலத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்றேன். கவுண்டர் பெண், "காகா, வோ ஸப் கான்ஃபிடென்ஷியல் ஹை" என்றாள். நோயாளியின் விவரத்தை யாருக்கும் சொல்ல மாட்டார்களாம். நோயாளியே நான்தான் என்றேன். கேஸ் பேப்பர் காட்டுங்கள் என்றாள். நோயே இல்லாதவனிடம் கேஸ் பேப்பர் எப்படி இருக்கும் என்றேன். நோய் இல்லையென்றால் எதற்கு வந்தீர்கள் என்றாள். திரும்பும்போது அந்தக் கம்ப்யூட்டரின் நெற்றியில் பாஸ்வேர்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, விபூதிப் பட்டை மாதிரி ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்.

அப்புறம்தான் உனக்கு எஸ்டிடி போட்டேன். நீ சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன், சரியா என்று பார். எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது நீ எழுதிய ப்ரோகிராம்தான் அங்கே ஓடுகிறது. அதைச் சோதித்துப் பார்க்க நோயாளிகள் வேண்டும். நிஜ நோயாளிகளின் விவரத்தைத் தொடக்கூடாது என்பது சட்டதிட்டமாம். அதனால் நம் வீட்டுப் பெயர்களைப் போட்டு, ஆளுக்கொரு வியாதியை வாய்க்கு வந்தபடி கொடுத்தாய். பிறகு அழிக்க மறந்துவிட்டாய். "பில் போடறவரு அதையெல்லாம் பாக்கவே முடியாது சித்தப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். பார்த்துவிட்டாரேப்பா, பாஸ்வேர்டைத்தான் கம்ப்யூட்டர் நெற்றியிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்களே. பொய் வியாதிக்கே இந்தக் கதி என்றால், நிஜமாகவே வியாதி உள்ளவர்கள் என்ன ஆவார்கள் என்று யோசித்தால் இன்னும் குழப்பமாக இருக்கிறது. ரோஹிணி பாடுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு உன்மேல் கோபம்தான். ஆகையால் யாரைப் பிடிக்க வேண்டுமோ பிடித்து, எங்கள் மூன்று பேரையும் உடனே அழித்துவிடு. அழித்ததற்கு அத்தாட்சியாக ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில் ஒரு வரி வாங்கி அனுப்பு, துரைசாமியிடம் காட்ட வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கோபத்தில் எழுதினாலும் ஆசீர்வாதத்தில் குறை வைக்கவில்லை. நிஜத்திலும் கம்ப்யூட்டரிலும் நீ நோய்நொடியில்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும்.

உன் சித்தப்பா,
அருணாச்சலம்

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் துரைசாமி, ராம்பிரசாத்தையும் அவன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். சித்தி கேசரி வைத்தாள். பையன் தட்டைத் தொடவில்லை. "எனக்கு ஸ்கூல் படிக்கறப்போலேர்ந்து சுகர், அங்கிள். ஊசி போட்டுக்கறேன். சொன்ன எடத்துல எல்லாம் வேணாம்னுட்டாங்க. இங்க எப்படிச் சொல்றதுன்னு பயந்துட்டே இருந்தேன்" என்றான். அவன் அம்மா ரோஹிணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ரோஹிணிக்குச் சர்க்கரையே இல்லை என்று சொல்ல வந்தவன், அவன் கேசரித் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவன் ரோஹிணியிடம், "பஸ்ல தூரமாப் போறப்போ மருந்து சூடாகாம எப்படி வெச்சுக்கறீங்க?" என்று கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், "ஈரத் துணி சுத்தி வெச்சுப்பேன்" என்றாள். அவர்கள் போன பிறகு என்னிடம், "நானே அவர்கிட்ட நேர்ல சொல்லிடறேன்ப்பா. சுகர் இல்லைன்னா வேணாம்னுடுவாரோன்னுதான் பயமா இருக்கு" என்றாள். இப்படி ஒரு பயம் எந்தப் பெண்ணுக்காவது வந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆகையால் மேலே எழுதியதை விட்டுவிடு. துரைசாமி கட்டாயம் மறுபடியும் பார்ப்பார். என் மூலத்தையும் சித்தியின் கர்ப்பத்தையும் மட்டும் எடு. ரோஹிணி வாய் திறந்து அவனிடம் சொல்லும்வரை அவள் சர்க்கரை அங்கேயே இருக்கட்டும், வேறு யார் கண்ணிலும் படாமல் பத்திரமாகப் பார்த்துக்கொள்.