அத்தானின் தலையிலும் ஒரு சதுரம்

மயிர் கொட்டத் தொடங்கியவனுக்கு மனிதர்களின் முகம் தெரியாது. தலை மட்டுமே தெரியும். முப்பது வயதில் நான் அப்படித்தான் அலைந்தேன். என் தலை அப்போதே திருகோணமலைத் துறைமுகத்தின் வரைபடம் போலாகிவிட்டது: நடுவில் வெளி, சுற்றிக் கரை. அக்காவின் கணவரான அத்தானுக்கோ சீப்பு ஒடிகிற அளவுக்குக் காடு.

அந்தப் பங்குனியில் சாம்பல்தீவிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் படத்தைப் பார்த்தேன். பிடித்தது. (எவ்வளவு பிடித்தது என்று இங்கே எழுதப்போவதில்லை.) நாங்கள் அனுப்பிய என் படம் மயிர் இருந்த காலத்தது. பின்புறம் திகதி குறித்திருந்தேன். அக்கா அதைச் சுரண்டிவிட்டுத்தான் கொடுத்தா.

அவர்கள் என்னைப் பார்க்க வர இரண்டு கிழமை, பதினாலு நாள், இருந்தது. அதற்குள் என் மயிர் இன்னும் வளர்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். ஒரு சஞ்சிகையில் வழி போட்டிருந்தார்கள்: சிறு இடத்தை மழித்துவிட்டு, எவ்வளவு அடர்த்தியாக, எவ்வளவு வேகமாக முளைக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒப்பிட ஒரு நல்ல தலையும் தேவை.

“என்ர தலை ஏன்ரா?” என்றார் அத்தான்.

“ஒப்பிடாட்டி அது ஆராய்ச்சி இல்லை, அத்தான்.”

“வளந்திடும்தானே?”

“உங்களுக்கு வளரும்.”

அட்டையில் ஓர் அங்குலச் சதுரம் வெட்டி, உச்சிக்குச் சற்றுப் பின்னால், எனக்கும் மயிர் மிச்சமிருந்த கரையாகப் பார்த்து, இருவருக்கும் ஒரே இடத்தில் வைத்து மழித்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. (காலை என்பது என் ஞாபகம், பின்னேரம் என்பது அக்காவின் பிடிவாதம்.) நல்ல நாள் என்று பெண்ணின் தாயும் தகப்பனும் முன்கூட்டி அறிவிக்காமலே வந்திறங்கினார்கள். அத்தான் காட்டை இழுத்துச் சீவி மூடிக்கொண்டார். நான் கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு அசையாமல் இருந்தேன். “தம்பி நல்ல அமைதி,” என்றா தாய்.

புறப்படும்போது அவவின் குடை கைநழுவி விழுந்தது. மரியாதை தெரிந்த குடும்பமல்லவா! நானும் அத்தானும் ஒன்றாகக் குனிந்தோம்.

“ஐயோ, புழுவெட்டோ? வீட்டில எல்லாருக்கும் தொத்தியிருக்கோ?”

ஓம் என்றிருந்தால் ஏதாவது மருந்தைப் பூசிக்கொண்டு கலியாணம் கட்டியிருக்கலாம். நான், “இல்லை அம்மா, புழுவெட்டு வட்டமா வரும். இது நான் அளந்து வழிச்சது,” என்று தொடங்கி, அடர்த்தி, வளர்ச்சி எல்லாவற்றையும் விளக்கினேன். அட்டையைக்கூட எடுத்து வந்து காட்டினேன். அக்கா குசினிக்குள் போய்விட்டா.

தகப்பன் செருப்பை மாட்டினார். “தம்பிக்கு மயிர் இல்லையெண்டு விசாரிச்சு அறிஞ்சுதான் வந்தனாங்கள். பிள்ளையும் அது பரவாயில்லையெண்டிட்டாள். உள்ளுக்கும் இப்பிடியெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.”

பரவாயில்லை என்றாளாம். அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க ஏலாது.

அத்தானின் சதுரம் மாத முடிவுக்குள் மூடிவிட்டது. என்னுடையது மூடவில்லை, சுற்றியிருந்ததும் கொட்டியதால் சதுரமே காணாமற் போயிற்று.

இப்போதும் யாராவது சம்பந்தம் பேசி அழைத்தால், அக்கா தொலைபேசியில் முதலில் சொல்வது இதுதான்: “ஓம், தலையில மயிர் இல்லைத்தான். ஆனா இப்ப ஆராய்ச்சி ஒண்டும் செய்யிறேல்லை.”

பின்னாலிருந்து அத்தான் குரல் கொடுப்பார்: “அட்டையை நான் எரிச்சுப்போட்டன் எண்டும் சொல்லும்.”