முப்பத்திரண்டை நூற்றிருபத்தெட்டாக்கிய கதை

கம்ப்யூட்டர் தெரியாதவனால் பெரிய நாசம் எதுவும் வராது. அவன் தொடவே பயப்படுவான். நான் முக்கால்வாசி தெரிந்தவன் (என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்).

ஆந்திராவில் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை, திருப்பதியில் அறை. சனிக்கிழமை பஸ் ஏறிச் சித்தூரில் இறங்கினால் எங்கள் சர்ச் சபைக்கு நான்தான் லினக்ஸ் மேதை. பாடகர் குழுத் தலைவர் என் அப்பா, அதாவது நைனா. எட்டு வருடங்களாகக் குழு பாடியதெல்லாம், கோயில் பக்க அறையில் நான் வைத்த உள்ளங்கை அகலக் கம்ப்யூட்டரில் பதிவாகிவந்தது. ஒரே பலகை, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் நகத்தளவு மெமரி கார்டு. அது நிரம்பிவிட்டது.

"பழச எதையும் அழிச்சிடாதடா. ரூத்து பாட்டு அதுலதான் கீது," என்றார் நைனா.

ரூத் அத்தை குழுவின் தனிக்குரல். போன வருடம் இறந்துபோனார். அவர் கணவர் சாலமோன் மாமா, ஆராதனை முடிந்ததும் பக்க அறையில் ஹெட்போனை மாட்டி அந்த ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். போனில் ஏற்றித் தருகிறேன் என்றதற்கு, "வேணாம்பா, இங்கியே வந்து கேட்டுக்கினு போறேன்" என்றுவிட்டார்.

"அரை மணி நேர வேலை நைனா," என்றேன்.

"துன்னுட்டு செய்டா."

"செஞ்சிட்டே துன்றேன்."

பழைய முப்பத்திரண்டு ஜிபி கார்டில் இருந்ததை அப்படியே புதிய நூற்றிருபத்தெட்டுக்கு நகலெடுத்தேன். எல்லாம் பாடியது. அந்தக் குஷியில் பழைய கார்டைத் துடைத்து என் போனில் போட்டு, அன்று கோயிலில் நடந்த அறுப்பின் பண்டிகை (அறுவடைத் திருநாள்) ஏலத்தை வீடியோ எடுத்தே நிரப்பினேன். வந்து பார்த்தால் புதிய கார்டும் முப்பத்திரண்டு என்றே காட்டியது. பழைய கார்டின் எல்லையும் (பார்டிஷன்) சேர்ந்தே நகலாகியிருந்தது.

இதை விரிக்க மெனுவில் ஒரே ஒரு வரி இருக்கிறது. தட்டினால் போதும். (மெனுவெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு!) மேதை, எல்லையை அழித்துக் கையாலேயே புதிதாகப் போட்டார். அது எந்த எண்ணில் தொடங்க வேண்டும் என்று குறித்துவைக்கவில்லை. கம்ப்யூட்டர் எழவில்லை. அப்போது சும்மா உட்கார்ந்திருந்தாலும் பாட்டுகளை மீட்டிருக்கலாம். பதற்றத்தில் கார்டை ஃபார்மட் செய்து, மேலே புது லினக்ஸையும் ஏற்றினேன். பிரமாதமாக எழுந்தது.

"இன்னாடா, பாட்டு எங்க?" என்றார் நைனா.

"எடம் நெறைய கீது நைனா."

"எடத்த கேக்கலடா."

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மாமா வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். ஹெட்போனைக் கழற்றி, ஒயரைப் பதமாகச் சுற்றி வைத்தார்.

"போனீலெண்டி, ஜோயல்காரு," என்றார். போகட்டும் விடுங்கள் என்று, தெலுங்கில். அதுவரை அவர் என்னிடம் தெலுங்கில் பேசியதே இல்லை. 'காரு' என்பது ஆபீசில் அந்நியர்களிடம் காட்டும் மரியாதை. இப்போதெல்லாம் ஆராதனை முடிவில் போதகர் ஆசீர்வாதம் சொன்னதும் மாமா நேராக வெளியே போய்விடுகிறார்.

இன்றும் நான் வீட்டில் ஃபிரிட்ஜைத் திறந்தால் அக்கா கத்துவாள்: "ஜோயலு எடம் பண்றான், கொழம்ப காப்பாத்துங்க!" பிள்ளைகள்கூட விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன். நைனா மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போவார்.