உடைய வேண்டிய பின்

தான் செய்து கொடுத்த பொருள் உடைந்தால் சந்தோஷத்தில் குதிக்கிற ஒரே மனிதர், திருப்பூரிலேயே பித்தளை அண்ணன்தான்.

முதலிபாளையம் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தார். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். எங்கள் முதலாளிக்கு எங்கிருந்தோ ஒரு கிழட்டுப் படகு மோட்டார் கிடைத்தது. ஆர்டர் கொடுக்க ஜெர்மனியிலிருந்து வரும் பையரை ஊர்க் குளத்தில் படகில் சுற்றிக்காட்டியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். மோட்டார் என் பொறுப்பு.

"நடுத்தண்ணியில நின்னுச்சுன்னா, நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாங் கண்ணு" என்றார் அன்பாக.

படகைத் தள்ளும் விசிறியைத் தண்டோடு பிணைக்கும் 'பின்', சுண்டுவிரல் நீள உலோக ஆணி, மட்டும் அதில் இல்லை. "ஸ்டீல்ல போடச் சொல்லு. ஆயுசுக்கும் உடையக் கூடாது" என்பது உத்தரவு. ஷிப்மெண்ட் தேதிக்குப் பயந்தே வாழ்கிறவருக்கு, நிற்காமல் ஓடினால்தான் அது மெஷின்.

சொன்னதும் பித்தளை அண்ணன் முகம் சுருங்கியது.

"ஏனுங்க, விசிறி கல்லுல மோதுனா ஏதாச்சும் ஒண்ணு உடையோணுமுங்க. பின்னு உடையலீன்னா உள்ள பல்சக்கரம் போயிருமுங்க. இந்தக் கிழவனுக்குப் பல்லு எங்க போயி வாங்குவீங்க?"

பித்தளைக் கம்பியில் ஒரு பின் கடைந்து, வைஸில் இறுக்கிச் சுத்தியலால் அடித்தார். ஒரே அடியில் போனது. "சொத்தைங்க." வேறு கம்பியில் கடைந்தது நாலு அடி தாங்கியது. "திமிரு புடிச்சதுங்க" என்று வீசினார். மூன்றாவது கம்பியில் கடைந்தது சரியாக இரண்டாவது அடியில் முறிந்தது. கைதட்டினார்.

"இதேதானுங்க!"

"அண்ணா, அதுதான் உடைஞ்சு போச்சே?"

"அதே கம்பியில இன்னும் நாலு கடைஞ்சு தாரனுங்க."

முதலாளிக்குத் தெரியாமல் சம்மதித்தேன். ஆனால் அண்ணனும் படகில் வரவேண்டும் என்றேன்.

குளத்தின் நடுவே, தண்ணீருக்குள் கிடந்த பாறையில் விசிறி இடித்தது. 'டக்'. மோட்டார் உறுமியது, படகு நகரவில்லை. என் வேலை போயே போய்விட்டது.

"உடைஞ்சிருச்சுங்க! உடைஞ்சிருச்சுங்க!" அண்ணன் எழுந்து குதிக்க, படகு தள்ளாடியது. பையர் எதற்கென்றே தெரியாமல் விழுந்து விழுந்து சிரித்தார்.

அண்ணன் மோட்டாரைத் தூக்கிச் சாய்த்து, முறிந்த மஞ்சள் துண்டுகளை வெளியே எடுத்தார். முதலாளி பார்த்துவிட்டார்.

"பித்தளை போடச் சொன்னது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "நாந்தானுங்க. தம்பி ஸ்டீல்தானுங்க கேட்டாரு. அவருக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."

பேசிக்கொண்டே விசிறித் தண்டைக் கையால் சுழற்றினார். உள்ளே பல்சக்கரம் ஒரு பல்லும் போகாமல் சுழன்றது. சட்டைப்பையிலிருந்து புதுப் பின்னை எடுத்து மாட்டினார். மோட்டார் கிளம்பியதும் பையர் கைதட்ட, முதலாளிக்கும் வேறு வழியில்லாமல் சிரிப்பு வந்தது.

கரைக்கு வந்ததும், "எதுக்குண்ணா பொய் சொன்னீங்க?" என்றேன்.

"எம்பட பட்டறையில எனக்கு நாந்தானுங்க மொதலாளி. என்னைய யாரு வேலையவுட்டுத் தூக்கறது?"

எனக்காக அதுவரை யாரும் பொய் சொன்னதில்லை. அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.