டீச்சர் வீட்டு எர்த்து

பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துப்போகும். எனக்கு அப்படியில்லை, கேட்காத கேள்விக்கும் பதில் வந்துவிடும். சின்ன வயதில் அப்பா, "கண்ணாடிய உடைச்சது யாரு?" என்று அதட்டினால், அதோடு போன மாதம் உடைந்த ஊறுகாய் ஜாடியையும் சேர்த்து ஒப்புக்கொள்வேன். (ஜாடியை உடைத்தது என் தம்பி.)

வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடி கட்டிய வருடம். கணவருக்கு பெங்களூரில் வேலை, சனி ஞாயிறுதான் வருவார். கட்டட வேலை முழுக்க என் தலையில். மணலுக்கு மட்டும் அலையவில்லை. கீழ்பென்னாத்தூரில் டிராக்டர் வைத்திருக்கும் என் கொழுந்தன் முருகன் இரண்டு லோடு கொண்டுவந்து கொட்டினான். அன்றைக்குப் பௌர்ணமி, அண்ணாமலையார் கிரிவலக் கூட்டம் குறையும்வரை டிராக்டரை விடமாட்டார்கள் என்று பின்ராத்திரியில் வந்தான்.

"பெர்மிட் இருக்குதாப்பா?" என்று கேட்டேன்.

"நம்ம வூட்டுக்கு எடுத்தாறதுக்குக்கூட இதெல்லாம் கேட்டுகினு இருக்கீங்களே அண்ணி" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பேப்பரில் மணல் டிராக்டர் பறிமுதல் என்று படித்தால் எனக்குச் சோறு இறங்காது. நான் அரசுப் பள்ளி ஆசிரியை. வழக்கு என்று ஒன்று வந்தால் சஸ்பெண்ட்தான். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தி நடத்திச் சேர்த்த பேர் ஒரே நாளில் மண்ணாய்ப் போகும்.

மாடி முடிந்தது. எலக்ட்ரீஷியன் வயரிங் செய்து, ஏசியும் கீசரும் மாட்டி, கீழ்வீட்டு மீட்டரிலிருந்தே இணைப்புக் கொடுத்தார். போகும்போது, "ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடுங்க மேடம்" என்றார். கணவரிடம் சொன்னேன். அவர் "ம்" என்றார். எங்கள் வீட்டில் "ம்" என்றால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம். (அதாவது, அவர் மறந்துவிட்டார் என்று அர்த்தம்.) நானும் மறந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துச் சாயங்காலம் போன் வந்தது.

"ஆபீஸ்லேர்ந்து பேசறோம் மேடம். உங்க வீட்ல பெர்மிஷன் வாங்காம லோடு ஜாஸ்தி பண்ணிருக்கீங்கன்னு தெரியுது. நாளைக்குக் காலையில ஐயா நேர்ல வராரு. வீட்ல இருங்க."

வேங்கிக்காலில் ஆபீஸ் என்றால் எந்த ஆபீசாகவும் இருக்கலாம். கலெக்டர் ஆபீசைச் சுற்றித் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. எந்த ஆபீஸ் என்று கேட்கிற நிதானம் எனக்கு ஏது? பெர்மிஷன், லோடு என்ற இரண்டு வார்த்தையிலேயே ராத்திரியில் வந்த மணல்தான் கண்ணில் நின்றது. முருகனைக் கூப்பிட்டேன்.

"ஐயோ அண்ணி, எவன் போட்டுக் குடுத்தான்? மீதி மணல் கீது கிடந்தா மறைச்சிடுங்க" என்றான்.

மீதி மணல் வாசலோரம் அரை லோடு கிடந்தது. அதை முந்தானையிலா முடிந்துவைக்க முடியும்? விடிந்ததும் பள்ளிக்கு லீவு சொன்னேன். குவியலை மண்வெட்டியால் தட்டிச் சமன்செய்து, பழைய புடவைகளை விரித்து, டப்பாவிலிருந்த வடாமையெல்லாம் கொட்டிப் பரப்பினேன். ஏற்கெனவே காய்ந்த வடாம், இன்னொரு முறை காய்ந்தது. மலை இருக்கும் பக்கம் திரும்பி, "அண்ணாமலையாரே, வேலைய மட்டும் காப்பாத்து" என்று கும்பிட்டேன்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. ஃபைலோடு ஓர் அதிகாரி, கூடவே காக்கிச்சட்டை போட்ட ஒருவர். காக்கியைப் பார்த்ததும் போலீஸ் என்று முடிவு கட்டினேன். (ஜீப்புக்கு மேல் ஏணி கட்டியிருந்ததாம். பார்த்திருந்தாலும், மாடியில் ஒளிந்தால் ஏறிப் பிடிப்பதற்கு என்றுதான் நினைத்திருப்பேன்.)

அதிகாரி மாடியை அண்ணாந்து பார்த்தார். "லோடு எவ்ளோம்மா?"

"ரெண்டுதாங்க சார்."

"ரெண்டா? பாத்தா அஞ்சாறுக்கு மேல இருக்கும் போல இருக்குதே."

"சத்தியமா ரெண்டுதாங்க சார்."

"ராத்திரியிலதான் ஜாஸ்தி இழுக்கும், இல்ல?"

எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார். "ஆமாங்க சார். பௌர்ணமி அன்னிக்கு மட்டும் ராத்திரியில இழுத்தாங்க."

அதிகாரி காக்கிச்சட்டைக்காரரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார்.

"இழுத்துக் குடுத்தவரு லைசென்ஸ் உள்ள ஆளா?"

"ஹெவி லைசென்ஸே இருக்குதுங்க சார்."

அதிகாரி நெற்றியைத் தடவிக்கொண்டார். "சரி, அத வுடுங்க. எர்த்து எங்க போட்டிருக்கீங்க?"

பெரிய அதிகாரி, மண்ணைக்கூட இங்கிலீஷில் கேட்கிறார் என்று நினைத்தேன். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய் மணல்மேல் விரித்த புடவையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தேன். வடாம் நாலாபக்கமும் சிதறியது.

"எல்லா எர்த்தும் இங்கதாங்க சார் இருக்குது. ஒரு பிடி வெளிய விக்கல. என் கொழுந்தன் புள்ளகுட்டிக்காரன் சார். கேஸ் போட்டா எம்மேல போடுங்க. ஸ்கூலுக்கு மட்டும் சொல்லிடாதீங்க" என்று அழுதேவிட்டேன்.

காக்கிச்சட்டைக்காரர் தன் தோளில் விழுந்த வடாமை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அம்மா, நாங்க ஈபி ஆபீஸ்" என்றார் அதிகாரி. "மாடியில ஏசி, கீசர்லாம் போட்டிருக்கீங்க. கரன்ட் லோடு ஜாஸ்தியாயிருக்குது. அதுக்கு அப்ளிகேஷன் வரல, அதக் கேக்க வந்தோம். மணலு எங்க டிபார்ட்மென்ட்டே கிடையாது."

நான் அந்த மணல்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நல்ல மனுஷர். கோபப்படாமல் எல்லாம் சொன்னார். லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் வயரிங்கைச் சோதித்துக் கையெழுத்துப் போடவேண்டும், கூடுதல் லோடுக்கு விண்ணப்பிக்கவேண்டும், குழி தோண்டி எர்த் கம்பி இறக்கவேண்டும். "எர்த்து இல்லாத கீசர் ஆளையே அடிச்சிடும்மா. பயப்படறதா இருந்தா அதுக்குப் பயப்படுங்க" என்றார். ஒரு மாதமாக அந்தக் கீசரில்தான் குளித்துக்கொண்டிருந்தேன். எர்த் கம்பி இறங்கும்வரை அதற்கப்புறம் பச்சைத்தண்ணீர்தான்.

போகும்போது கேட்டார். "டீச்சருங்களா? என்ன சப்ஜெக்ட்?"

வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான் எனக்கு வாய் அடைத்தது. கடைசியில், "சயின்ஸ்" என்றேன். அவர் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது.

முருகனிடம் சொன்னபோது, "பெர்மிட்டு வண்டியிலதான் இருக்குது அண்ணி. நீங்க பயந்துகினு பேசினதுல எனக்கே பயமாயிடுச்சு" என்றான். இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பந்தியில் சோறு வைக்கப் போனால், "அரை லோடு போதும் அண்ணி" என்பான். "ம்" ஆசாமிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார்.

அதையெல்லாம் சமாளித்துவிடுவேன். அடுத்த ஜூனில் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். மின்சாரப் பாடம் ஆரம்பித்த அன்று எழுந்து நின்றாள்.

"மிஸ், எங்கப்பா ஈபில இருக்காரு. எர்த்த பத்தி என்ன சந்தேகம் வந்தாலும் உங்களத்தான் கேக்கணும்னு சொன்னாரு."

வேலை போகவில்லை. அந்தப் பாடத்தை மட்டும் அன்றிலிருந்து பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து நடத்துகிறார்.